மனநல மருத்துவர் பதில்கள்: சிலைபோல் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் பேசுவது கேட்குமா?

சென்ற இதழில் ஒரு வாசகர், திடீரென்று பேச்சும் அசைவும் நின்றுபோன தன் மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தார். அது கேட்டடோனியா என்னும் நிலையாக இருக்கலாம், ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்று நான்கு வரியில் பதில் எழுதினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் கட்டாகக் கிடக்கின்றன. இத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறதா, நடந்தும் யாரும் வெளியே சொல்லவில்லையா என்று எனக்கே வியப்பு. ஆகவே தூக்கமின்மையும் மாமியார் தகராறும் கைப்பேசியை விடாத மகனும் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும். இந்த முறை இது ஒன்றுதான்.

கேள்வி: என் மகளுக்குப் பத்தொன்பது வயது. செமஸ்டர் தேர்வு முடிந்த வாரத்தில் பேச்சைக் குறைத்தாள். பிறகு அறவே நிறுத்திவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள். இட்லித் துண்டைக் கையில் கொடுத்தால் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே கை நின்றுவிடும். உறவினர்கள் காற்றுக் கருப்பு என்றார்கள். முதலில் பார்த்த டாக்டர் கன்னத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நடிக்கிறாள், குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்’ என்றார். பிறகு வேறொரு மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் ‘தண்ணீர் வேண்டும் அம்மா’ என்றாள். இப்போது தேறிவிட்டாள். ஆனால் அந்த நாட்களில் அவளைச் சுற்றி நின்று நாங்கள் பேசியதையெல்லாம் சொல்கிறாள். ‘இனி இவளை யார் கட்டிக்கொள்வார்கள்’ என்று அவள் அத்தை சொன்னது உட்பட. எல்லாம் கேட்டதென்றால் ஏன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை?
- ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் அம்மா. அத்தையை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவருக்கே இப்போது முகம் கொடுக்கக் கூசும்.

கேட்டடோனியாவில் இருப்பவர் மயக்கத்தில் இல்லை. கண் திறந்திருக்கிறது, காது திறந்திருக்கிறது. நாம் பேசுவதும் மின்விசிறி சுற்றுவதும் பக்கத்துப் படுக்கைக்காரர் இருமுவதும் உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. வெளியே வருவதற்கான வழிதான் அடைபட்டிருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை. ‘நடிக்கிறாள்’ என்று சொன்ன அந்த டாக்டர் அவள் கண்ணைப் பார்த்திருந்தால் போதும். இமைப்பது குறைந்து, ஒரே இடத்தில் நிலைகுத்திய பார்வையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது மேடை நடிகர்களாலும் ஆகாத காரியம்.

ஏன் அசையவில்லை என்பதற்கு, தேறி வந்தவர்கள் என்னிடம் சொன்ன பதில்கள் ஒரே மாதிரி இருந்ததில்லை. பெரும்பாலானவர்கள் பயம் என்கிறார்கள். சாதாரணப் பயம் இல்லை. இந்த நொடியே செத்துவிடுவோம் என்ற பயம், முடிவே இல்லாமல். புலியைக் கண்ட மான் ஓடவும் முடியாமல் விறைத்து நிற்கும் அந்தப் பழைய விலங்குப் பயத்தின் எச்சம்தான் இந்த நோய் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இன்னும் சிலருக்கு ஒரு குரல் ‘அசையாதே’ என்று ஆணையிட்டிருக்கும். ஒரு பெண், தான் விரலை அசைத்தால் அம்மா இறந்துவிடுவாள் என்று உறுதியாக நம்பியிருந்தாள். அம்மாவோ எதிரே உட்கார்ந்து ‘எனக்காக ஒரு வாய் சாப்பிடு’ என்று அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் தவிப்பை எண்ணிப் பாருங்கள். வேறு சிலரோ ‘ஒன்றுமே இல்லை டாக்டர், உள்ளே காலியாக இருந்தது’ என்கிறார்கள். நேரம் குழம்புவதும் உண்டு. மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர் ‘ஒரு மதியம் போல இருந்தது’ என்பார்.

தன் உடம்பைப் பற்றிய உணர்விலும் ஒரு கோளாறு இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளியைக் கேட்டால் ‘கை என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொள்வார். தன்னால் முடியவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். இரு நோய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த கெயார்க் நார்தாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர், கேட்டடோனியா நோயாளிகளுக்கு அந்தத் தெளிவு குறைவு என்று கண்டார். கை அந்தரத்தில் நிற்பது அவர்களுக்குப் பல நேரம் விசித்திரமாகவே படுவதில்லை. உங்கள் மகளிடம் இட்லிக் கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘கை அங்கேயா இருந்தது?’ என்று அவளே திருப்பிக் கேட்கக்கூடும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். எல்லோருக்கும் எல்லாம் நினைவிருப்பதில்லை. சிலருக்குத் துண்டு துண்டாக, சிலருக்கு நடந்ததும் மனம் கற்பித்ததும் கலந்து நிற்கும். அத்தை சொன்னது நிஜம். ஆனால் நாளை உங்கள் மகள் ‘பாலில் ஏதோ கலந்தீர்கள்’ என்றும் சொல்லலாம். அப்போது வக்கீல்போலக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ‘அப்படித் தோன்றியதா, பயமாக இருந்திருக்குமே’ என்றால் போதும்.

இப்படி ஒருவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு: அவர் முன்னால் கல்யாணம், சொத்து, ‘இனி தேறமாட்டார்’ போன்ற பேச்சுகள் கூடாது. தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். ‘இப்போது ஊசி போடப் போகிறார்கள், கொஞ்சம் வலிக்கும்’ என்று காதருகே சொல்லுங்கள். வாயைத் திறந்து சோற்றைத் திணிக்காதீர்கள். விழுங்காதது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். சிறுநீர் போனதா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்து உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: என் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே வைத்திருக்கிறார். தலையணையை எடுத்தாலும் தலை அந்தரத்திலேயே நிற்கிறது. டாக்டர் கை குலுக்கக் கையை நீட்டினால் இவர் கை பாதி வந்து திரும்பிவிடுகிறது, மீண்டும் பாதி வருகிறது. ஆனால் நேற்று என் மகன் விளையாட்டாக ரப்பர் பந்தை வீசினான்; சட்டென்று பிடித்துவிட்டார்! எங்கள் அம்மா ‘இவனுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமென்றே செய்கிறான்’ என்கிறார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.
- ஒரு தம்பி, கரூர்

பதில்: உங்கள் மகன் தன்னை அறியாமல் ஒரு பெயர்பெற்ற சோதனையைச் செய்து முடித்திருக்கிறான். மேலே சொன்ன நார்தாஃபும் அவருடன் இருந்தவர்களும் அசைவற்ற கேட்டடோனியாவில் இருந்த 32 பேரிடம் பந்தை வைத்தே சோதித்து 1995-ல் அதை வெளியிட்டார்கள். கோளாறு தசையிலோ நரம்பிலோ இல்லை, தானாக முனைந்து ஓர் அசைவைத் தொடங்குவதில் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. பந்து வரும்போது தொடக்கம் வெளியிலிருந்து கிடைத்துவிடுகிறது. ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்று உள்ளிருந்து எழவேண்டியபோதுதான் ஒன்றும் எழுவதில்லை. தொடங்கிய அசைவை முடிப்பதிலும் அதே சிக்கல். தூக்கிய கையை இறக்குவதும் ஒரு முடிவுதானே? அந்த முடிவு வரவில்லை, கை நிற்கிறது.

பாதி வந்து திரும்பும் கைக்கு வருகிறேன். நாங்கள் கையை நீட்டிக்கொண்டே ‘கை குலுக்காதீர்கள்’ என்று சொல்லிப் பார்ப்போம். கண் பார்ப்பது ஒன்று, காது கேட்பது அதற்கு நேர் எதிர். நீங்களும் நானும் அரை நொடி தயங்கிச் சிரித்துவிட்டுக் கையைப் பின்னால் வைத்துக்கொள்வோம். இவர்களால் இரண்டில் ஒன்றைத் தள்ள முடிவதில்லை. கை வருகிறது, போகிறது, வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. சட்டைப் பைக்குள் கையை விட்டபடி ‘நாக்கை நீட்டுங்கள், ஊசியால் குத்தப் போகிறேன்’ என்போம். சிலர் நாக்கை நீட்டிவிடுவார்கள். குத்தமாட்டோம், பயப்படாதீர்கள். எதிரே நிற்பவர் தலையைச் சொறிந்தால் தானும் சொறிவது, கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வது, எல்லாம் இந்த வகைதான். வெளியிலிருந்து வருவதை வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் வேலை நின்றுபோய், வருவதெல்லாம் நேராக உடம்பில் இறங்கிவிடுகிறது. இன்னும் சிலருக்கு நேர்மாறாக எது சொன்னாலும் எதிர்ப்புதான். கையை இழுத்தால் அதே பலத்தோடு பின்னுக்கு இழுப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று ஊரே சொல்லும்.

இந்த அறிகுறிகளை எண்ணிப் பார்க்க புஷ்-ஃபிரான்சிஸ் அளவுகோல் என்று ஒன்று 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 23 அறிகுறிகள். அதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. தலையணை இல்லாமல் பத்து நிமிடம் தலையைத் தூக்கியபடி படுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கழுத்து பதில் சொல்லிவிடும்.

பந்து விளையாட்டை நிறுத்தவேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு, உங்கள் மகனே தினமும் வீசட்டும்.

கேள்வி: சாப்பாடும் தண்ணீரும் சரியாக இறங்காமல் உறைந்து உட்கார்ந்திருந்த என் மைத்துனரை முதலில் தர்காவுக்குத்தான் அழைத்துப்போனோம். அங்கே இரண்டு வாரம் இருந்தார். மருத்துவமனைக்குப் போனதும் டாக்டர் கடிந்துகொண்டார். தொழுவது தவறா?
- ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தொழுவது தவறில்லை. தண்ணீர் சரியாக இறங்காத மனிதரை இரண்டு வாரம் வைத்திருந்தது தவறு. கோயிலோ தர்காவோ மாதா கோயிலோ, என் பதில் ஒன்றுதான்: சாப்பாடும் தண்ணீரும் நின்ற அன்றே மருத்துவமனை, பிரார்த்தனையைப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தும் செய்யலாம். சங்கிலி மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில் உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ‘அசையாமல்தானே இருக்கிறார், கட்டினால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நோயில் உறைந்திருப்பவர் எந்த நேரமும் காரணமில்லாமல் வெறிகொண்டு எழலாம், மறுபடியும் உறையலாம். இரண்டும் ஒரே நோய்தான்.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: என் தமையனார் 1960களின் இறுதியில் இப்படித்தான் மாதக்கணக்கில் நின்றபடியே இருந்தார். ‘மனச்சிதைவு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று எழுதிக்கொடுத்தார்கள். ‘கரண்ட்’ வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தார், பத்து வருடம் கணக்கு எழுதினார். ஆனாலும் சாகும்வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை. அன்றைய மருத்துவம் அவ்வளவுதானா?
- ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்

பதில்: ஐயா, அன்றைய மருத்துவம் ஒரு நூற்றாண்டுத் தவறைச் சுமந்துகொண்டிருந்தது. 1874-ல் ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் மருத்துவமனை நடத்திவந்த கார்ல் லுட்விக் கால்பாம் என்பவர்தான் இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதினார். அவர் விவரித்த நோயாளிகள் பலர் கடும் மனச்சோர்விலிருந்து இந்த நிலைக்குப் போனவர்கள்; தேறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பின்னால் வந்த ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேபெலின் இதை மனச்சிதைவு என்று நாம் இன்று சொல்லும் நோயின் ஒரு கிளையாகச் சேர்த்துவிட்டார். பெரிய மனிதர் சொன்னால் யார் மறுப்பது? அதற்குப் பிறகு, உறைந்து நின்றவர்களுக்கெல்லாம் மனச்சிதைவு என்ற முத்திரைதான். இரு துருவ மனநிலைக் கோளாறு, மனச்சோர்வு, மூளை அழற்சி, உப்புச்சத்துக் குறைவு என்று எதிலிருந்தும் இது வரலாம் என்பது பாடப்புத்தகத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ம் ஆண்டுக் கையேட்டில்தான் பல நோய்களோடும் சேர்ந்து வரக்கூடியது என்று முறையாக இடம் கிடைத்தது. உங்கள் தமையனார் பத்து வருடம் கணக்கு எழுதினார் என்பதைப் பார்த்தால், அவருடையது மனநிலைக் கோளாறாகவே இருந்திருக்கலாம். காகிதத்தைப் பார்க்காமல் அதற்குமேல் சொல்வது முறையல்ல.

‘கரண்ட்’ என்றீர்களே, அது மின்அதிர்வு சிகிச்சை; மூளைக்கு மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவைப்பது. வலிப்பை உண்டாக்கி மனநோயைத் தீர்க்கலாம் என்று முதலில் முயன்றவர் புடாபெஸ்ட் நகரின் மருத்துவர் லாடிஸ்லாஸ் மெடுனா. 1934-ல் கற்பூர ஊசியால். அவர் தேர்ந்தெடுத்த முதல் நோயாளி கேட்டடோனியாவில் ஆண்டுக்கணக்கில் அசைவற்றுக் கிடந்தவர். மின்சாரம் 1938-ல் ரோமில் வந்தது. அதற்கும் முன்பே, 1930-ல், அமெரிக்காவில் பிளெக்வென் என்ற மருத்துவர் அமைட்டால் என்ற உறக்க மருந்தை நரம்பில் ஏற்றி, நெடுநாள் பேசாதவர்களைச் சில மணி நேரம் பேசவைத்தார். மருந்து தெளிந்ததும் அவர்கள் மீண்டும் உறைந்துபோனார்கள். இந்த இடம் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். உறங்கவைக்கும் மருந்து இவர்களை மட்டும் எழுப்புகிறது! தேனி அம்மாவின் மகளுக்குப் போட்ட ஊசியும் பெரும்பாலும் லோரசெபாம் என்ற அமைதி மருந்தாகத்தான் இருக்கும். உங்களுக்கோ எனக்கோ அதே அளவைப் போட்டால் குறட்டைதான்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம், பதினாறு வயது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓராண்டாக வாசற்படியில் வந்து நின்றுவிடுகிறான்; தாண்டமாட்டான். தரையில் டைல்ஸ் கோடு வந்தால் காலை எடுப்பான், வைப்பான், எடுப்பான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. சிறப்புப் பள்ளியில் ‘வளர்இளம் பருவப் பிடிவாதம்’ என்கிறார்கள்.
- ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: பள்ளியில் சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் தள்ளிவையுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போவது பிடிவாதமாகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பருவ வயதில் கேட்டடோனியா சேர்ந்துகொள்வதை லோர்னா விங், அமிதா ஷா என்ற இருவர் 2000-ல் இங்கிலாந்திலிருந்து விரிவாக எழுதினார்கள். அவர்களிடம் அனுப்பப்பட்ட, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17 சதவீதத்தினருக்கு இது இருந்தது. நீங்கள் எழுதியிருக்கும் வாசற்படி, சாப்பாட்டு நேரம், எடுத்து வைத்து எடுக்கும் கால் எல்லாம் அந்தக் கட்டுரையை வாசித்தவர்களுக்குப் பழகிய சங்கதிகள்.

வாசற்படியில் ஏன்? அறைக்குள் நடப்பது ஓட்டமாகப் போகிறது. வாசலில் ஓர் இடம் முடிந்து இன்னோர் இடம் தொடங்குகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும் இடங்களில்தான் இவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுவது, கழிப்பறையிலிருந்து வெளியே வருவது, பஸ்ஸின் படியில் ஏறுவது எல்லாம் மாற்றங்கள். அங்கே நின்று ‘வா, வா, நேரமாகிறது’ என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிப்போவான். ஐந்து கேள்வி கேட்டால் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்து எதற்கும் பதில் வராது. ஒரே ஒரு சொல், மெதுவாக: ‘நட.’ சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நடக்காவிட்டால் முழங்கைக்குப் பின்னால் விரலால் லேசாகத் தொடுங்கள், தள்ளக்கூடாது. பல பிள்ளைகளுக்கு அந்தத் தொடுதலே போதும், கால் எழும்பிவிடும். நீங்கள் அவனுக்கு முன்னால் போய் நிற்காமல் பக்கத்தில் சேர்ந்து நடப்பதும் உதவும். தினசரி ஒழுங்கை அடிக்கடி மாற்றவேண்டாம். ‘தானே செய்யப் பழகட்டும்’ என்று தூண்டுதலை நிறுத்தி அவனைச் சோதிக்காதீர்கள். அவனுக்கு அது ஊன்றுகோல்.

மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். லோரசெபாம் சில பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. அளவை அவர் பார்த்துக்கொள்வார். மருத்துவமனையில் வலிப்பு, தைராய்டு, அவன் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய கைப்பேசிக் காணொளிகள் இருக்கும் அல்லவா, இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஓடியது, சாப்பிட்டது? அவற்றையும் இப்போதையதையும் எடுத்துப்போங்கள். ‘முன்பு இப்படி இல்லை’ என்று நீங்கள் ஆயிரம் முறை சொல்வதைவிட அது வலுவான சாட்சி.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். ஆறு மாதத்துக்கு முன் கேட்டடோனியா வந்து, மின்அதிர்வு சிகிச்சையில் தேறினேன். இப்போது லோரசெபாமும் வேறொரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். பார்ப்பவர்களுக்கு நான் சரியாகிவிட்டேன். ஆனால் ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கும்போது முதல் பத்தி மறந்துவிடுகிறது. ஷேவ் செய்ய ஆரம்பித்தால் ஒரே கன்னத்தில் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறேன். பழகிய பஸ் நிலையத்தில்கூட எந்தப் பக்கம் போவது என்று தடுமாறுகிறேன். என் மூளை கெட்டுவிட்டதா? யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.
- ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, மூளை கெட்டவர் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார். உங்கள் தடுமாற்றத்தை மூன்று வரியில் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறீர்கள். என் பயிற்சி மருத்துவர்கள் பலர் அப்படிப் பிரிக்கமாட்டார்கள். ஆனால் ‘ஒன்றுமில்லை, மனதைத் தேற்றிக்கொள்’ என்று சொல்லி உங்களை அனுப்பமாட்டேன். நீங்கள் சொல்வது நிஜம்.

முதலில் அந்தக் கன்னம். தொடங்கிய ஒன்றை நிறுத்தி அடுத்ததற்கு மாறுவதில் உள்ள சிக்கல் அது. கேட்டடோனியா உச்சத்தில் இருந்தபோது அது உடம்பு முழுவதையும் பிடித்திருந்தது. இப்போது ஓரங்களில் மிச்சம் இருக்கிறது. திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவது எல்லாம் மூளையின் முன்பகுதி மேற்பார்வை செய்யும் வேலைகள். அவை கடைசியாகத்தான் திரும்பும். பஸ் நிலையம் வேறு கணக்கு. இடம், திசை, எது எதற்கு எந்தப் பக்கம் என்று அறிவதில் மூளையின் வலப்புறப் பின்மேல் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. கேட்டடோனியாவில் அந்தப் பகுதியும் முன்பகுதியோடு சேர்ந்து தளர்வதையும், இடம் சார்ந்த சோதனைகளில் இவர்கள் தடுமாறுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பஸ் நிலையத்தில் நீங்கள் திகைத்து நிற்பது கவனக்குறைவால் அல்ல.

மூன்றாவது, மறக்கும் பத்தி. இதில் பல கைகள் இருக்கின்றன. லோரசெபாம் புதிதாகப் படிப்பதைப் பதியவிடாமல் செய்யும். அது அந்த மருந்தின் குணம். மின்அதிர்வு சிகிச்சை, அந்த வாரங்களைச் சுற்றி நடந்தவற்றை அழித்திருக்கும். அவற்றில் சில திரும்பாமலே போகலாம். புதிதாகக் கற்பதில் அது உண்டாக்கும் தொல்லையோ பெரும்பாலும் சில வாரங்களில் விலகிவிடும். இந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோன மூல நோய், அது மனச்சோர்வாக இருந்தால், அதுவும் கவனத்தைத் தின்னும். எது எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். வசதியுள்ள மருத்துவமனையில் நரம்பு உளவியல் சோதனை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எண்களோடு ஒரு காகிதம் கையில் இருந்தால், ஆறு மாதம் கழித்து மீண்டும் செய்து ஒப்பிடலாம்.

இதைப் படித்துவிட்டு லோரசெபாமை நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உறைநிலையும் திரும்பலாம். மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

அதுவரை சின்ன உத்திகள். வாசிக்கும்போது பத்திக்கு ஒரு வரி விளிம்பில் எழுதுங்கள். பேனா நகர்ந்தால் கவனமும் நகரும். ஷேவ் செய்யும்போது ‘வலது கன்னம் முடிந்தது, இடது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் தனியாகத்தானே நிற்கிறீர்கள், யார் சிரிக்கப் போகிறார்கள்? பஸ் நிலையத்தில் மாறாத அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டீக்கடை இடம் மாறும், மணிக்கூண்டு மாறாது. முழுப் பாடத்திட்டத்தையும் ஒரே பருவத்தில் எழுதி வீரம் காட்டவேண்டாம். இரண்டு தாள் எழுதுங்கள், அடுத்த பருவத்தில் மூன்று. பெற்றோர் இதற்கு முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: நான் தாலுகா மருத்துவமனையில் செவிலியர். இப்படி ஒருவர் இரவில் வந்தால் மனநல மருத்துவர் வரும்வரை நாங்கள் என்ன கவனிக்கவேண்டும்? பொதுவாகக் கையில் கிடைப்பது ஹாலோபெரிடால் ஊசிதான்.
- ஒரு செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஹாலோபெரிடால்மீது கை போகவேண்டாம் சகோதரி. உறைந்த நிலையில் இருப்பவருக்கு, வெறியை அடக்கப் போடும் அந்த வகை மருந்து போட்டால், காய்ச்சலும் விறைப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏற்கெனவே எங்காவது போட்டுவிட்டு வந்தார்களா என்று உறவினரிடம் கட்டாயம் கேளுங்கள். வெப்பநிலை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதை எழுதிவையுங்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையோடு சொல்ல முடியாமல் படுத்திருப்பார்கள். இந்த நிலை புதிதாக வந்த இளம்பெண், காய்ச்சல், வலிப்பு, வாய் கோணும் அசைவுகள் என்று சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். 2007-ல் கண்டறியப்பட்ட ஒருவகை மூளை அழற்சி இப்படித்தான் வரும். சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் கட்டிதான் அதற்குக் காரணம். அதற்கு வைத்தியம் வேறு.

லோரசெபாம் ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பல வார்டுகளில் அது அலமாரியில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலை பணி மாறும்போது, இருப்பு எத்தனை, காலாவதித் தேதி என்ன, எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவர் சொல்லி ஊசி போட்டால் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனியுங்கள். பேசத் தொடங்கினால் முதல் பேச்சை அவர் சொன்ன சொற்களிலேயே குறிப்பில் எழுதுங்கள். காலையில் வரும் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.